கதவைச் சாத்தினாலும் சத்தம் உள்ளே வருகிறதா? அக்கா சொல்கிறேன், கேளு!

லுக்குட் பக்கம் வாடகைக்கு ரூம் எடுத்திருக்கும் தங்கச்சிகளே, தம்பிகளே, இது உங்களுக்காக.

இங்கே ஒரு வீட்டை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்வது இப்போது சாதாரணம். ஸ்பிரிங்ஹில்லில் யூசிஎஸ்ஐ பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள் ஒரு ரூம். நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ் ஒரு ரூம். போர்ட்டிக்சன் எண்ணெய் ஆலையில் குத்தகை வேலை பார்க்கும் தம்பிகள் ஒரு ரூம். ஒருவர் படுக்கும் நேரத்தில் இன்னொருவர் குக்கர் வைக்கிறார். ஒருவர் பரீட்சைக்குப் படிக்கும்போது ஹால் டிவியில் வானவில் சீரியல் ஓடுகிறது. யார் மேலும் தப்பில்லை. ஆனால் நடுவில் இருப்பது ஒரே ஒரு பிளைவுட் கதவு, அதுவும் உள்ளே காலியாக இருக்கும் கதவு.

இது நமக்குப் புதிய தலைவலியும் அல்ல. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நம் பெரியவர்கள் வாழ்ந்த பழைய லயங்களை நினைத்துப் பார். பல லயங்களில் தடுப்புப் பலகை கூரை வரை போகாது. மேலே திறந்தே கிடக்கும். முதல் வீட்டில் குழந்தை அழுதால் கடைசி வீட்டுக்குக் கேட்கும். லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தோம். சிமெண்டுச் சுவர் வந்தது. ஆனால் காற்றோட்டத்துக்காகக் கதவுக்கு மேலே வைத்த சட்டங்களும், கதவுக்கு அடியில் விட்ட சந்தும் அப்படியே இருக்கின்றன. அன்றைக்குச் சத்தம் வந்ததும் சந்து வழி, இன்றைக்கு வருவதும் சந்து வழி.

ஆகவே அக்காவின் முதல் சட்டம் இதுதான்: காற்று நுழையும் இடத்தில் சத்தமும் நுழையும். சந்தை அடைக்காமல் கதவு மேல் எதைத் தொங்கவிட்டாலும் காசுக்குக் கேடு.

கணக்கை முதலில் புரிந்துகொள்

சத்தத்தை டெசிபெல் கணக்கில் அளப்பார்கள். 10 டெசிபெல் குறைந்தால், காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்த மாதிரி தெரியும். படுக்கை அறைக்குள் இரவில் தொடர்ந்து இருக்கும் சத்தம் 30 டெசிபெல்லைத் தாண்டாமல் இருப்பது தூக்கத்துக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. சாதாரணப் பேச்சே 60 டெசிபெல் வரும்.

இனி சந்துக் கணக்கு. கதவின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி இரும்பாகவே இருந்தாலும் 10 டெசிபெல்லுக்கு மேல் தடுக்க முடியாது. நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20 டெசிபெல்தான் உச்சம். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 30 வரை போகலாம்.

90 செ.மீ. அகலமும் 210 செ.மீ. உயரமும் உள்ள கதவுக்கு அடியில் 2 செ.மீ. சந்து இருந்தால் அதுவே ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு ஆகிவிட்டது. பக்கத்துச் சந்தும் சாவித் துவாரமும் இன்னும் கணக்கில் சேரவில்லை. கடைக்கு ஓடுவதற்கு முன் இதை மனதில் வைத்துக்கொள்.

1. டார்ச்லைட் சோதனை

இரவில் உன் ரூம் விளக்கை அணைத்துவிட்டு, ஹால் விளக்கைப் போடச் சொல். கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பார். வெளிச்சம் எங்கெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறதோ, அங்கெல்லாம் சத்தத்துக்கு வழி இருக்கிறது. ஹால் விளக்கு மங்கலாக இருந்தால் வெளியே யாரையாவது டார்ச்லைட்டை விளிம்பு ஓரமாக நகர்த்திக் காட்டச் சொல்.

அடுத்தது காகிதச் சோதனை. ஒரு தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்து. தாளை இழுத்தால் தடையில்லாமல் வந்துவிடுகிறதா? அந்த இடம் ஓட்டை. பூட்டுப் பக்கம், கீல் பக்கம், மேல் பக்கம் என மூன்றிலும் இதைச் செய்து, சந்தின் அகலத்தை மில்லிமீட்டரில் குறித்துவை. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக்கி நடுவில் வைத்து அழுத்தினால் அதன் தடிமனே சந்தின் அளவைச் சொல்லிவிடும்.

கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள். ஹாலில் மின்னல் எஃப்எம்மை ஒரே அளவில் வைத்து, உன் தலையணை இருக்கும் இடத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதிவை. அந்த எண்ணை அப்படியே நம்பாதே. முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது போதும்.

2. அடிச் சந்து: முதல் காசை இங்கே போடு

பெரிய ஓட்டை பெரும்பாலும் அடியில்தான். மூன்று வழி இருக்கிறது.

*நுழைத்துவிடும் வகை.* நீளமான துணி உறைக்குள் இரண்டு நுரைக் குழாய்கள் இருக்கும். கதவுக்கு அடியில் சொருகினால் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே நிற்கும். பசை கிடையாது, திருகு கிடையாது. காலி செய்யும்போது உருவிக்கொண்டு போகலாம். வாடகை வீட்டுக்கு முதலில் நான் சொல்வது இதைத்தான். நுரை லேசானது என்பதால் முழுச் சத்தத்தையும் நிறுத்தாது. பளிங்கு டைல்ஸ் தரையில் நன்றாக நகரும், கரடுமுரடான தரையில் சிக்கும்.

*ஒட்டும் சிலிக்கன் பட்டை.* கதவின் உள்பக்க அடி விளிம்பில் ஒட்டுவது. நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். தரையில் அழுந்தி மடிந்தால் நாலு நாளில் பசை விட்டுவிடும். மேலே தூக்கி ஒட்டினால் பயனே இல்லை. ஒட்டும் முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிடு. போர்ட்டிக்சன் கடற்காற்றின் ஈரத்தில், தூசி மேல் ஒட்டிய எதுவும் நிற்காது.

*மணல் பை.* காசே வேண்டாம் என்கிறாயா? பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, காய்ந்த மணலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அதற்குள் திணித்து, இரண்டு முனையையும் தைத்துவிடு. படுக்கும்போது கதவு ஓரம் தள்ளிவிட்டால் போதும். கனமாக இருப்பதால் நுரையைவிட நன்றாகவே தடுக்கும். மணலுக்குப் பதில் அரிசியைப் போடாதே. வண்டு வரும், எறும்பு வரும், அதன் பின்னால் எலி வரும்.

தூரிகை மாதிரி மயிர் வைத்த பட்டையும் கடையில் கிடைக்கும். தூசிக்கும் பூச்சிக்கும் அது சரி. மயிருக்கு நடுவே காற்று புகுவதால் சத்தத்துக்கு அவ்வளவாக உதவாது.

3. பக்கமும் மேலும்: ரப்பர் பட்டை

கதவு வந்து மோதி நிற்கும் நிலையின் உள்விளிம்பைப் பார். அங்கேதான் பட்டை ஒட்ட வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று மிருதுவான நுரைப் பட்டை. விலை குறைவு, சீக்கிரம் சப்பையாகிவிடும். இன்னொன்று நடுவில் துவாரம் உள்ள ரப்பர் பட்டை. வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்து டி போல் இருக்கும். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். இதைத்தான் வாங்கு.

நீ அளந்த சந்தைவிடப் பட்டை கொஞ்சம் தடிமனாக இருந்தால் போதும். ரொம்பத் தடிமனாக வாங்கினால் கதவு பூட்டாது. நீயும் தோளால் இடித்துச் சாத்த ஆரம்பிப்பாய். அப்புறம் உன் கதவுதான் வீட்டிலேயே பெரிய சத்தமாக இருக்கும்.

மூலைகளில் இடைவெளி விடாதே. மேல் பட்டையும் பக்கப் பட்டையும் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். சாவித் துவாரத்துக்கு உள்பக்கம் ஒரு துண்டு டேப் போதும். குமிழ்ப் பூட்டு ஆடினால் திருகை முறுக்கு. சாத்திய பிறகும் கதவு கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தால், பட்டையை அழுத்திப் பிடிக்க அதால் முடியாது.

மழைக்காலத்தில் பலகைக் கதவு ஈரம் வாங்கி உப்பும். வெயில் நாளில் சரியாக இருந்த பட்டை நவம்பர் மழையில் இறுகலாம். அதற்காகப் பிய்த்து எறியாதே. தாழ் விழும் பக்கத்துப் பட்டையை மட்டும் மெல்லியதாக மாற்றினால் போதும்.

4. கதவுக்கு மேலே உள்ள காற்றுச் சட்டம்

பழைய தாமான் வீடுகளில் கதவுக்கு மேலே மரச் சட்டமோ சாய்ந்த கண்ணாடிப் பட்டையோ இருக்கும். கீழே எவ்வளவு அடைத்தாலும் இது திறந்திருந்தால் வேலை பாதிதான் நடந்திருக்கும்.

அளவெடுத்து, தடித்த அட்டையை மூன்று நான்கு அடுக்காக ஒட்டி, விளிம்பில் நுரைப் பட்டை சுற்றி, ஒட்டி எடுக்கும் வெல்க்ரோவால் பொருத்து. மெல்லிய பிளைவுட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆணி வேண்டாம். தூங்கும்போது வைக்கவும் காலையில் எடுக்கவும் வசதியாக இருக்கட்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான வார்த்தை. அந்தச் சட்டம் காற்றுக்காக வைத்தது. உன் ரூமுக்கு வெளிப்பக்க ஜன்னல் இருந்தால்தான் இதை அடைக்கலாம். ஜன்னல் இல்லாத ரூமில் அடைக்காதே. ஏர்கான் இருக்கிறதே என்று சொல்லாதே. ஸ்பிளிட் ஏர்கான் உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிராக்கிச் சுற்றிவிடும், வெளிக்காற்றைக் கொண்டு வராது. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு இரண்டு பேர் படுத்தால் காலையில் தலை கனக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவை.

5. கதவு: தட்டிப் பார்

விரல் முட்டியால் கதவைத் தட்டு. மேளம் மாதிரி ஒலித்தால் உள்ளே காலி: இரண்டு மெல்லிய பிளைவுட்டுக்கு நடுவே அட்டைக் கூடு. மந்தமாக ஒலித்தால் கெட்டிக் கதவு, அதிர்ஷ்டசாலி நீ.

ஒரு தடுப்பின் கனத்தை இரட்டிப்பாக்கினால் அதிகபட்சம் 6 டெசிபெல் அளவுக்குத்தான் கூடுதலாகத் தடுக்கும். இதை வைத்தே விளம்பரங்களை எடைபோடலாம். ஆன்லைனில் விற்கும் முக்கோண நுரைத் துண்டுகளைக் கதவு முழுக்க ஒட்டினாலும் கதவின் கனம் கூடாது. முட்டை அட்டையும் யோகா பாயும் அதே கதைதான். ரூமுக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். ஹாலில் இருந்து வருவதை நிறுத்தாது. அந்த நுரை சீக்கிரம் தீப்பிடிக்கவும் கூடும். வேண்டவே வேண்டாம்.

கனமான திரைச்சீலை கொஞ்சம் உதவும். நிலைக்கு நடுவே அழுத்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பி கடையில் இருக்கிறது; ஆணி அடிக்காமல் மாட்டலாம். கனத்த துணி, நிறைய மடிப்பு, தரையைத் தொடும் நீளம் என மூன்றும் இருந்தால் பாத்திரச் சத்தமும் கீச்சுக் குரலும் மழுங்கும். ஆனால் சந்தை அடைத்த பிறகுதான் இந்தச் செலவு. மாதம் ஒருமுறை துவைத்துக் காயப்போடு. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்க நாளாகாது.

நீண்ட நாள் இருக்கப் போகிறாய், வீட்டுக்காரரும் நல்லவர் என்றால், கெட்டிக் கதவு மாற்றலாமா என்று கேட்டுப் பார். காலிக் கதவைவிட அது இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். மூன்று கீல் வேண்டும், தச்சர் வர வேண்டும். பழைய கதவைப் பத்திரமாக எடுத்துவைத்து, போகும்போது மாட்டிவிட்டுப் போகலாம்.

6. ரூமுக்குள்ளே

படுக்கையைக் கதவுக்கு நேராகப் போடாதே. தலைமாட்டைக் கதவிலிருந்து தூரமான மூலைக்கு மாற்று. செலவில்லாத வேலை இது.

டைல்ஸ் தரை, சிமெண்டுச் சுவர், வெறும் சீலிங் என்றால் உள்ளே வந்த சத்தம் மோதி மோதிக் கூடும். தரையில் ஒரு கம்பளம், ஜன்னலுக்குத் துணித் திரை, சுவர் ஓரம் துணி அலமாரி இருந்தால் அந்த எதிரொலி அடங்கும்.

ஃபேன் ஓடும் ஒரே சீரான சத்தம் பேச்சின் மேல் திரை போட்டுவிடும். அரைகுறையாகக் காதில் விழும் பேச்சுதான் தூக்கத்தைக் கெடுக்கும். சொல் புரியாமல் போனால் மனம் அதைத் தேடுவதை விட்டுவிடும்.

பகலில் தூங்கும் நைட் ஷிஃப்ட் பிள்ளைகளுக்குக் காதில் வைக்கும் நுரை அடைப்பான் நல்ல துணை. விரலால் உருட்டி மெலிதாக்கி, இன்னொரு கையால் காதை மேலே பின்னோக்கி இழுத்து, உள்ளே வைத்து, விரியும்வரை பிடித்துக்கொள். சும்மா வாசலில் சொருகினால் பயனில்லை. அழுக்கானதைத் தூக்கிப் போடு. அலாரத்தை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் விடு.

7. ஹால் பக்கம் பேசு

கதவில் செய்யும் எல்லா வேலையையும்விடப் பெரிய பலன் சில சமயம் ஒரு பேச்சில் கிடைக்கும். ஆனால் எரிச்சலோடு போய் நிற்காதே. பகலில், சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து, கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேள்.

"சத்தத்தைக் குறையுங்கள்" என்றால் யாருக்கும் எவ்வளவு என்று தெரியாது. "அக்கா, நான் செவ்வாய், புதன் நைட் டூட்டி, காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை தூங்குவேன்" என்று சொல்லிப் பார். நேரத்தைக் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டால் புதிதாக வருபவருக்கும் தெரியும்.

டிவி ஸ்பீக்கர் உன் ரூம் சுவரை ஒட்டி இருந்தால் எதிர்ப்பக்கம் மாற்றலாமா என்று கேள். தரையில் வைத்த பாஸ் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டு வைக்கச் சொல். அந்தத் தும்தும் சத்தம் சுவர், தரை வழியாகவும் வரும். எந்தக் கதவுப் பட்டையும் அதை நிறுத்தாது. மற்றவர்களின் கதவு நிலையிலும் சின்ன நுரைப் பொட்டு ஒட்டிக்கொடு. காற்றில் அறைந்து சாத்தும் சத்தம் அன்றைக்கே நின்றுவிடும்.

8. டெப்பாசிட்டைக் காப்பாற்று

மலேசியாவில் பொதுவாக இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். தண்ணீர், கரண்டுக்கு அரை மாதம் தனி. பத்து இருபது வெள்ளிப் பட்டைக்காக அதை இழக்கக் கூடாது.

ஒட்டுவதற்கு முன் கதவையும் நிலையையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, "எடுக்கக்கூடிய பட்டை ஒட்டப் போகிறேன், ஆணி இல்லை" என்று வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதில் வாங்கு. வாய்ப்பேச்சு மறந்துபோகும், வாட்ஸ்அப் மறக்காது.

மலிவான பெயிண்ட் பசையோடு சேர்ந்து உரிந்து வரும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத கீல் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு ஒட்டி, சில நாள் கழித்து எடுத்துப் பார். எடுக்கும்போது ஹேர் டிரையரால் சூடுகாட்டி, மெதுவாக, கதவோடு ஒட்டினாற்போல் இழு. பிசுக்கு மிஞ்சினால் நீலகிரித் தைலம் தொட்ட துணியால் தேய். அதையும் முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்.

9. எது முடியாது என்பதையும் தெரிந்துகொள்

எல்லாம் செய்த பிறகும் தலைக்கு மேலிருந்து பேச்சு கேட்டால், ரூம் சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். கூரைக்கு அடியில் எல்லா ரூமுக்கும் பொதுவான காலி இடம் இருக்கும். சத்தம் லயத்தில் வந்த மாதிரியே அந்த வழியாக வருகிறது. அது வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய வேலை. நீ சீலிங்கைத் துளைக்காதே. பழைய வீட்டுச் சீலிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சனிக்கிழமை பக்கத்து ஹோம்ஸ்டேயில் கரோக்கே பாடினால் அது ஜன்னல் வழி வருவது, கதவுக் கதை அல்ல. கதவை மறித்து அலமாரி வைக்கும் யோசனையும் வேண்டாம். தீ என்றால் நீ வெளியே ஓட வேண்டிய வழி அது ஒன்றுதான்.

கடைக்குப் போகும் முன்: சின்னப் பட்டியல்

- அடிச் சந்துக்கு நுழைத்துவிடும் நுரை அடைப்பான் ஒன்று, அல்லது சிலிக்கன் பட்டை
- துவாரம் உள்ள ரப்பர் பட்டை: இரண்டு பக்கமும் மேலும் சேர்த்து ஐந்தேகால் மீட்டர் போதும், ஆறு மீட்டராக வாங்கு
- துடைக்க ஸ்பிரிட், ஒரு பழைய துணி
- மேல் சட்டம் இருந்தால் அட்டை, வெல்க்ரோ
- அளவுநாடா, கத்தரிக்கோல்

அடி, பக்கம், மேல் சட்டம், அப்புறம் திரை. இந்த வரிசையை மாற்றாதே. ஒவ்வொன்றும் முடிந்ததும் அளந்து பார். போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடு. சத்தம் அடியோடு நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஹாலில் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது வெறும் முணுமுணுப்பானால், காலிக் கதவு உள்ள வாடகை ரூமுக்கு அதுவே நல்ல வெற்றி. இன்று ராத்திரியே விளக்கை அணைத்துவிட்டுக் கதவடியைப் பார், மற்றதெல்லாம் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.